வீடு பார்க்கும் முன் தெருவைப் பாருங்கள்

முழு ஆண்டுத் தேர்வு முடிந்து, மாற்றுச் சான்றிதழ் வாங்கி, ஜூன் பிறப்பதற்குள் சென்னையில் ஒரு வீடு பிடித்துவிட வேண்டும் என்று குடும்பங்கள் அலைவது ஏப்ரல் கடைசியிலும் மே மாதத்திலும்தான். அரசு ஊழியர்களுக்கு இடமாறுதல் ஆணை வருவதும், படிப்பு முடித்த பிள்ளைகள் முதல் வேலைக்குக் கிளம்புவதும் ஏறக்குறைய அதே காலம். அந்த நாட்களில் சென்னையின் எந்தத் தெருவும் காய்ந்துதான் கிடக்கும். மயிலாப்பூரும் காய்ந்திருக்கும், முடிச்சூரும் காய்ந்திருக்கும். புதிதாக வெள்ளையடித்த சுவரில் பழைய கறை எதுவும் தெரியாது. இரண்டு படுக்கையறை, கிழக்குப் பார்த்த வாசல், நல்ல காற்றோட்டம், வண்டி நிறுத்த இடம். எல்லாம் பிடித்துப்போய் அட்வான்ஸ் கொடுத்துவிடுகிறார்கள். பிறகு நவம்பர் வருகிறது.

சென்னையில் ஆண்டுக்குச் சராசரியாக 1,400 மில்லிமீட்டர் மழை பெய்கிறது. அதில் பாதிக்கும் மேல் அக்டோபர் முதல் டிசம்பர் வரை, வடகிழக்குப் பருவமழையில் கிடைப்பது. ஆக, வீடு தேடும் பருவத்தில் இந்த ஊர் காட்டும் முகம் வேறு. குடியிருக்கும்போது காட்டும் முகம் வேறு. வெளியூரிலிருந்து வருகிறவர்கள் இந்த இடைவெளியில்தான் அகப்பட்டுக்கொள்கிறார்கள். வாடகை, அறைகள், அலுவலகத்துக்கு எத்தனை கிலோமீட்டர் என்ற மூன்றையும் பார்த்து முடிவெடுக்கிறார்கள். அறை சிறியதாக இருந்தால் சமாளிக்கலாம், குழாய் ஒழுகினால் மாற்றலாம். ஆனால் தெருவின் மட்டத்தையோ, அந்தத் தெருவுக்குக் குடிநீர்க் குழாய் வந்திருக்கிறதா என்பதையோ, பக்கத்தில் ரயில் நிலையம் இருக்கிறதா என்பதையோ குடிவந்தவர் மாற்ற முடியாது. மாற்ற முடியாததைத்தான் முதலில் பார்க்க வேண்டும். அதைச் சொல்வதற்கு இந்த ஊரில் ஒரு பொதுப் பதிவேடுகூட இல்லாததுதான் என்னுடைய ஆதங்கம்.

தண்ணீர் வந்த உயரம்

2015 டிசம்பர் 1-ஆம் தேதி தொடங்கி மறுநாள் காலைக்குள் தாம்பரத்தில் 49 சென்டிமீட்டர் மழை கொட்டியது. செம்பரம்பாக்கம் ஏரியிலிருந்து விநாடிக்கு 29,000 கன அடி வரை திறந்துவிடப்பட்டதாக அரசுக் கணக்கே சொன்னது. அடையாற்றின் கரையில் இருந்த கோட்டூர்புரம், சைதாப்பேட்டை, ஜாபர்கான்பேட்டை எல்லாம் மூழ்கின. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோது வேளச்சேரி, பள்ளிக்கரணை, பெரும்பாக்கம், முடிச்சூர், வரதராஜபுரம் ஆகிய பெயர்களைத்தான் நாள் முழுக்கத் தொலைக்காட்சியில் கேட்டோம். வடக்கே எண்ணூரில் வெள்ளத்தோடு எண்ணெய்க் கழிவும் கலந்து வீடுகளின் சுவர்களில் அப்பியது. இடையில் 2021 நவம்பரில் தியாகராய நகரே தண்ணீரில் நின்றது. 1920-களில் நீண்ட ஏரியின் நீரை வடித்துவிட்டு உருவாக்கிய நகர் அது. நுங்கம்பாக்கம் ஏரி இருந்த இடத்தில்தான் வள்ளுவர் கோட்டம் நிற்கிறது. வாடகை கூடுதலாக இருக்கும் பகுதி என்றால் தண்ணீர் வராது என்று நினைத்துக்கொள்ள எந்த ஆதாரமும் இல்லை.

ஆனாலும் ‘வேளச்சேரி வேண்டாம், அண்ணா நகர் பரவாயில்லை’ என்று ஏரியாவின் பெயரை வைத்து முடிவு கட்டுவது சரியல்ல. வேளச்சேரியில் மேடான தெருக்கள் உண்டு, அண்ணா நகரை ஒட்டியே தாழ்ந்த தெருக்களும் உண்டு. திருநெல்வேலியிலிருந்து வரும் உறவினர் குடும்பத்துக்காக வேளச்சேரியில் ஒரு வீட்டைப் பார்க்கப் போயிருந்தேன். “இங்கெல்லாம் தண்ணி நிக்கவே நிக்காது சார்” என்றார் வீட்டுக்காரர். தெருமுனையில் வேப்பமரத்தடியில் இஸ்திரி வண்டி. பெட்டிக்குக் கரி போட்டுக்கொண்டிருந்தவரிடம் பேச்சுக் கொடுத்தேன். “பதினஞ்சுல இந்த வண்டி மெதந்து போயி அந்த கேட்டுல மாட்டிக்கிச்சு. இருபத்து மூணுல முட்டி வரைக்கும் வந்துது. அதோ, மஞ்ச பெயின்ட் அடிச்ச வீடு இருக்கு பாருங்க, அதத் தாண்டிட்டா மேடு. அங்க ரெண்டு தடவையும் ஏறல” என்று கையை நீட்டிக் காட்டினார். ஒரே தெரு, ஐம்பதடி தூரத்தில் இரண்டு விதமான வாழ்க்கை. வாடகை இரண்டு இடத்திலும் ஒன்றுதான்.

தெருவில் நடந்து பார்த்தாலே தெரிந்துவிடும் அடையாளங்கள் பல உண்டு. காம்பவுண்டுச் சுவரின் பின்பக்கம் வெள்ளையடிக்காமல் விடுவார்கள். அங்கே பழுப்பாக ஒரு கோடு ஓடியிருக்கும். மின்சார மீட்டர் பெட்டியைத் தலைக்கு மேலே தூக்கி மாட்டியிருந்தால் அதற்கு ஒரு காரணம் இருக்கும். மளிகைக் கடையில் குளிர்பதனப் பெட்டி இரண்டு வரிசை செங்கல் மேல் நிற்கிறதா, தண்ணீர் மோட்டாரைச் சிமென்ட் மேடை கட்டி ஏற்றியிருக்கிறார்களா, அக்கம்பக்கத்துப் புது வீடுகளுக்கெல்லாம் வாசலில் ஐந்து படியும் நீங்கள் பார்க்க வந்த வீட்டுக்கு ஒரே படியும் இருக்கிறதா என்று கவனியுங்கள். பழைய தாரைச் சுரண்டி எடுக்காமல் அதன் மேலேயே திரும்பத் திரும்பச் சாலை போட்டதால், தெருவை விடப் பள்ளத்துக்குப் போய்விட்ட பழைய வீடுகள் சென்னையில் ஏராளம். வாசலில் நின்று பார்த்தால் தெரு மேலே இருக்கும், கூடம் கீழே இருக்கும். அப்படிப்பட்ட வீட்டுக்குள் தண்ணீர் வர ஏரி உடைய வேண்டியதில்லை. ஒரு மணி நேரக் கனமழையே போதும்.

தெரு முனையில் மருந்துக்கடை வைத்திருப்பவர், வீட்டு வேலைக்கு வரும் அம்மா, ஆட்டோ நிறுத்தத்தில் இருப்பவர்கள், இவர்களுக்கெல்லாம் அந்த வீட்டை வாடகைக்கு விடுவதில் எந்த லாபமும் இல்லை. அதனால் உள்ளதைச் சொல்வார்கள். “இங்கே வெள்ளம் வருமா?” என்று பொதுவாகக் கேட்டால் “லேசா வரும்” என்று முடித்துவிடுவார்கள். “2015-ல் எது வரைக்கும் வந்தது, எத்தனை நாள் நின்றது, கரன்ட் எத்தனை நாள் கழித்து வந்தது, பால் பாக்கெட் எங்கே போய் வாங்கினீர்கள்?” என்று கேட்டால் கதை முழுதாக வரும்.

தண்ணீர் வராத மாதங்கள்

மே மாதத்தில் வீடு தேடுவதில் ஒரே ஒரு நன்மை உண்டு. இந்த ஊரின் இன்னொரு துன்பத்தை அப்போது நேரிலேயே பார்க்கலாம். 2019 கோடையில் பூண்டி, சோழவரம், புழல், செம்பரம்பாக்கம் என நான்கு ஏரிகளும் வற்றின. ஜூலையில் ஜோலார்பேட்டையிலிருந்து வில்லிவாக்கத்துக்கு ரயிலில் தண்ணீர் கொண்டுவந்தார்கள், ஒரு நடைக்கு 25 லட்சம் லிட்டர். ஓட்டல்கள் மதியச் சாப்பாட்டைக் குறைத்தன. பழைய மாமல்லபுரம் சாலையிலிருந்த மென்பொருள் நிறுவனங்கள் ஊழியர்களை வீட்டிலிருந்தே வேலை பார்க்கச் சொன்னது கொரோனாவுக்கு முந்தைய ஆண்டிலேயே நடந்தது. அதன் பிறகு நல்ல மழை ஆண்டுகள் வந்தன. நெம்மேலியில் நாளொன்றுக்கு 15 கோடி லிட்டர் தரும் இரண்டாவது கடல்நீர் சுத்திகரிப்பு நிலையமும் 2024-இல் திறக்கப்பட்டது. ஆனால் அந்தத் தண்ணீர் உங்கள் வீட்டுக்கு வர வேண்டுமென்றால் தெருவில் குழாய் இருக்க வேண்டும்.

இங்கேதான் வெளியூர்க்காரர்களின் கண்ணுக்குத் தெரியாத ஒரு கோடு குறுக்கே வருகிறது. 2011-இல் 42 உள்ளாட்சிகளைச் சேர்த்தபோது சென்னை மாநகராட்சியின் பரப்பு 174 சதுர கிலோமீட்டரிலிருந்து 426 சதுர கிலோமீட்டராக விரிந்தது. பெயர் ஒன்றானது, வரி விதிக்கும் அலுவலகம் ஒன்றானது. ஆனால் பழைய 174 சதுர கிலோமீட்டருக்குள் குடிநீர்க் குழாயும் பாதாளச் சாக்கடையும் பல தலைமுறைகளாக இருக்கின்றன. பின்னால் சேர்ந்த பகுதிகளில் அந்த வேலைகள் தவணை தவணையாக நடக்கின்றன. பல இடங்களில் இன்னும் முடியவில்லை. மாநகராட்சிக்கும் வெளியே, தாம்பரத்துக்கு அப்பால் ஊராட்சிகளில் எழும்பி நிற்கும் அடுக்குமாடிகளின் நிலைமை அதற்கும் பின்னே. அங்கெல்லாம் போர்வெல், லாரித் தண்ணீர், குடிக்கக் கேன் தண்ணீர் என்றுதான் வாழ்க்கை ஓடுகிறது. கழிவுநீருக்கும் லாரிதான். கடற்கரையை ஒட்டிய பகுதிகளில் போர்த் தண்ணீரில் உப்பேறியிருக்கும். வாளியில் பிடித்து வைத்தால் மறுநாள் காலையில் மஞ்சளாக மாறும் தண்ணீரையும் பார்த்திருக்கிறேன். வெள்ளைச் சட்டையை அதில் நனைக்க முடியாது.

வாடகை 18,000 என்று சொல்லும்போது தண்ணீர்ச் செலவை யாரும் சேர்த்துச் சொல்வதில்லை. அடுக்குமாடியில் மாதப் பராமரிப்புத் தொகை கோடையில் ஏன் கூடுகிறது என்று சங்கச் செயலாளரைக் கேளுங்கள். லாரிக் கணக்கு வெளியே வரும். சமையலறையில் எந்தக் குழாயில் மெட்ரோ வாட்டர் எனப்படும் குடிநீர் வாரியத் தண்ணீர் வருகிறது, எந்த நேரம் வருகிறது, சம்ப் எத்தனை லிட்டர் பிடிக்கும் என்பதெல்லாம் அட்வான்ஸ் கொடுக்கும் முன் கேட்க வேண்டியவை. மின்சாரத்துக்கு உங்களுக்குத் தனி மீட்டர் இல்லாமல், வீட்டுக்காரர் வைத்த சப்-மீட்டரில் யூனிட்டுக்கு எட்டு ரூபாய், பத்து ரூபாய் என்று வசூலித்தால், இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம் என்ற அரசுச் சலுகை உங்கள் கைக்கு வரவே வராது.

நேரத்துக்கும் வாடகை உண்டு

தென்மாவட்டங்களிலிருந்து வருகிறவர்கள் தாம்பரம், வண்டலூர், ஊரப்பாக்கம், கூடுவாஞ்சேரி என்று குடியேறுவது புரிந்துகொள்ளக்கூடியது. கிளாம்பாக்கம் பேருந்து முனையம் 2023 டிசம்பர் இறுதியில் திறந்த பிறகு இன்னும் கூடுதலான காரணம் கிடைத்துவிட்டது. பொங்கலுக்கும் தீபாவளிக்கும் ஊருக்குப் போவது எளிது, சொந்தக்காரர்கள் பக்கத்தில் இருக்கிறார்கள், வாடகையும் கொஞ்சம் குறைவு. எல்லாம் சரிதான். ஆனால் ஊருக்குப் போவது ஆண்டுக்குச் சில முறை. வேலைக்குப் போவது தினமும். வேலை அம்பத்தூர் தொழிற்பேட்டையில் இருக்க, வீடு கூடுவாஞ்சேரியில் என்றால் ஒவ்வொரு நாளும் உங்கள் பிள்ளை விழிக்கும் முன் கிளம்பி, தூங்கிய பிறகு வந்து சேர்வீர்கள். நாளுக்கு இரண்டு மணி நேரம் கூடுதலாகப் பயணத்தில் போனால் மாதம் 25 வேலை நாளுக்கு 50 மணி நேரம். வாடகையில் மிச்சமாகும் நான்காயிரம் ஐயாயிரத்துக்கு இது மிக அதிக விலை.

கிலோமீட்டரைப் பார்க்காதீர்கள், என்ன வண்டி ஓடுகிறது என்று பாருங்கள். கடற்கரை – தாம்பரம் – செங்கல்பட்டு, சென்ட்ரல் – ஆவடி – திருவள்ளூர் மின்சார ரயில் பாதைகளில் நிலையத்துக்கு நடக்கும் தூரத்தில் கிடைக்கும் சின்ன வீடு, ரயிலே இல்லாத இடத்தில் கிடைக்கும் பெரிய வீட்டை விட மேல். வேலை தேடி வருகிறவர்களில் பலர் போய்ச் சேரும் பழைய மாமல்லபுரம் சாலையின் பெரும்பகுதியில் இன்று வரை ரயில் ஓடவில்லை. ஏறக்குறைய 119 கிலோமீட்டர் நீளமுள்ள மெட்ரோ இரண்டாம் கட்டத்தில் அந்தச் சாலையும் அடக்கம் என்றாலும், தூண் எழுப்பும் வேலை நடக்கும் காலத்தில் அங்கே குடியிருப்பவர்கள் நெரிசலைத்தான் அனுபவிக்கிறார்கள். ‘மெட்ரோ வரப்போகுது’ என்று சொல்லி இன்றே வாடகையைக் கூட்டிக் கேட்டால் கொடுக்காதீர்கள். வந்த பிறகு கொடுக்கலாம்.

வீட்டில் வேலைக்குப் போகும் பெண்கள் இருந்தால், அந்தத் தெருவை இரவு ஒன்பதரை மணிக்கு ஒருமுறை நடந்து பார்த்தாக வேண்டும். பகலில் பார்த்துவிட்டு வருவது பாதி வேலை. நிலையத்திலிருந்து வீடு வரை எத்தனை விளக்கு எரிகிறது, எத்தனை கடை திறந்திருக்கிறது, நடைபாதை என்று ஒன்று இருக்கிறதா, கடைசிப் பேருந்து எத்தனை மணிக்கு என்று பாருங்கள். சாதாரணக் கட்டணப் பேருந்துகளில் 2021 முதல் பெண்களுக்குக் கட்டணம் இல்லை. அந்தப் பேருந்து நிற்கும் நிறுத்தம் ஐந்து நிமிட நடையில் இருந்தால் ஒரு குடும்பத்துக்கு மாதம் கணிசமான பணம் மிச்சமாகும். வயதான பெற்றோர் உடன் வருகிறார்கள் என்றால் அரசு மருத்துவமனைக்கு எப்படிப் போவது என்பதையும் பார்க்க வேண்டும். ஸ்டான்லி, கீழ்ப்பாக்கம், ராயப்பேட்டை, சென்ட்ரல் எதிரிலுள்ள பொது மருத்துவமனை, 2023-இல் கிண்டியில் திறந்த கலைஞர் நூற்றாண்டு மருத்துவமனை என எல்லாமே நகரத்துக்குள்தான் இருக்கின்றன.

இந்த இடத்தில் வடசென்னையைப் பற்றிச் சொல்லாமல் போக முடியாது. வெளியூரிலிருந்து வருகிறவர்களிடம் “அந்தப் பக்கம் மட்டும் வேண்டாம்” என்று சொல்லி அனுப்புவது பல ஆண்டுப் பழக்கம். சினிமா ஏற்படுத்திய பயம் அதில் பாதி. பெரம்பூர், அயனாவரம், பழைய வண்ணாரப்பேட்டை, வில்லிவாக்கம் எல்லாம் பழைய மாநகராட்சி எல்லைக்குள் இருப்பவை. குடிநீர்க் குழாய், பாதாளச் சாக்கடை, ரயில், சந்தை, நூறாண்டு கண்ட பள்ளிகள் அங்கே இருக்கின்றன. 2021-இல் மெட்ரோ விம்கோ நகர் வரை நீண்டது. அங்கும் தாழ்ந்த தெருக்கள் இருக்கின்றன. மணலி, எண்ணூர்ப் பக்கத்து ஆலைப் புகையும் கொடுங்கையூர்க் குப்பைக் கிடங்கும் உண்மையான குறைகள்தாம். ஆனால் தெற்கே பெருங்குடியில் சதுப்பு நிலத்தின் மேலேயே குப்பைக் கிடங்கு இருந்ததை யாரும் தென்சென்னையை ஒதுக்கக் காரணமாகச் சொன்னதில்லையே! பெரம்பூரில் கிடைக்கும் வசதிகளுக்கு அங்கே கேட்கும் வாடகை குறைவு என்பது என் முடிவு. தயங்காமல் போய்ப் பாருங்கள்.

கதவு திறக்காத தெருக்கள்

இதுவரை சொன்னதெல்லாம் பணம் கொடுத்தால் வீடு கிடைக்கும் என்ற நிலையில் இருப்பவர்களுக்கு. பணம் கொடுத்தாலும் கிடைக்காதவர்கள் இந்த ஊரில் நிறையப் பேர். “எந்த ஊரு?” என்று தொடங்கும் விசாரணை “என்ன ஆளுங்க?” என்று முடியும். சைவம் சாப்பிடுகிறவர்களுக்கு மட்டும் என்று பலகையிலேயே எழுதிப் போடுகிறார்கள். பெயரைக் கேட்டதும் “இப்பத்தான் ஒருத்தர் அட்வான்ஸ் குடுத்துட்டுப் போனார்” என்று முஸ்லிம் குடும்பங்களைத் திருப்பி அனுப்புகிறார்கள். தலித் குடும்பங்கள் பெயரையும் ஊரையும் சொல்லத் தயங்கி நிற்கும் நிலை ஏற்படுகிறது. தனியாக வாழும் பெண், திருமணமாகாத இளைஞர்கள், திருநர், வடகிழக்கு மாநிலத்தவர் என்று இந்தப் பட்டியல் நீள்கிறது. குறிப்பிட்ட சமூகத்தாருக்கு மட்டுமே உறுப்புரிமை என்று வைத்திருந்த குஜராத்தின் பார்சி வீட்டுவசதிச் சங்க விதியை 2005-இல் உச்ச நீதிமன்றம் செல்லும் என்றே சொன்னது. நம் மாநில வாடகைச் சட்டத்திலும் சாதி, மதம் பார்த்து வீடு மறுப்பதைக் குற்றமாக்கும் பிரிவு இல்லை.

மறுக்கப்பட்டவர்கள் எங்கே போகிறார்கள் என்பதை யோசித்தால் வெள்ளமும் இந்தப் பாகுபாடும் ஒன்றாகச் சேர்வது தெரியும். மேட்டுத் தெருவில் கதவு சாத்தப்பட்டால் பள்ளத் தெருவுக்குப் போகிறார்கள். எந்தக் கேள்வியும் கேட்காமல் வீடு தருகிறவர் பெரும்பாலும், வேறு யாரும் குடிவர விரும்பாத தரைத்தள வீட்டை வைத்திருப்பவர். சாதியும் மதமும் பார்த்து வீடு மறுப்பது கடைசியில் வெள்ளத்தில் முதலில் மூழ்கும் வீட்டில் போய் முடிகிறது.

ஏரியா தேர்வு என்ற பேச்சுக்கே இடமில்லாதவர்களும் இருக்கிறார்கள். 2000-ஆம் ஆண்டு வாக்கில் கண்ணகி நகர், சுனாமிக்குப் பிறகு செம்மஞ்சேரி, அதற்கும் பிறகு பெரும்பாக்கத்தில் எட்டு மாடிக் கட்டடங்கள் என்று, கூவம், அடையாறு கரைகளிலிருந்து அப்புறப்படுத்தப்பட்ட குடும்பங்களை அரசே கொண்டுபோய்க் குடியமர்த்தியது. வேலை நகரத்துக்குள், பிள்ளைகளின் பள்ளி நகரத்துக்குள், வீடு இருபது கிலோமீட்டருக்கும் அப்பால். 2015 வெள்ளத்துக்குப் பிறகு ஆற்றங்கரை ஆபத்து என்று சொல்லித்தான் பலரைப் பெரும்பாக்கத்துக்கு அனுப்பினார்கள். அந்தப் பெரும்பாக்கமே பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தின் விளிம்பில் இருக்கிறது. 2023-இல் அங்கும் வெள்ளம் சூழ்ந்தது. 2022-இல் சர்வதேச முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களின் ராம்சர் பட்டியலில் இடம்பெற்ற சதுப்பு நிலத்தின் பக்கத்தில், வெள்ளத்துக்குப் பயந்தவர்களைக் கொண்டுபோய் வைத்தது பெரிய அநீதி. அவர்களிடம் எந்த ஏரியா வேண்டும் என்று யாரும் கேட்கவில்லை.

சட்டம் இருக்கிறது, தகவல் இல்லை

சென்னையில் பத்து மாத வாடகையை அட்வான்ஸாகக் கேட்பது நெடுநாள் வழக்கம். 2017-இல் இயற்றி 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த தமிழ்நாட்டு வாடகைச் சட்டம் மூன்று மாத வாடகைக்கு மேல் வாங்கக் கூடாது என்கிறது. ஆனால் இரு தரப்பும் வேறு விதமாக ஒப்பந்தம் செய்துகொண்டால் தவிர என்று ஒரு வழியையும் திறந்து வைத்திருக்கிறது. வீடு தேவைப்படுகிறவர் எந்த ஒப்பந்தத்திலும் கையெழுத்துப் போடுவார் என்பது சட்டம் எழுதியவர்களுக்குத் தெரியாததல்ல. இருந்தாலும் மூன்று மாதம் என்ற எண்ணைச் சொல்லிப் பேரம் பேசுங்கள். இப்போது ஐந்து, ஆறு மாதத்துக்கு இறங்கி வருகிற வீட்டுக்காரர்கள் இருக்கிறார்கள். பத்து மாத அட்வான்ஸ் கொடுத்தவர், முதல் மழையிலேயே தப்பான தெருவுக்கு வந்துவிட்டோம் என்று தெரிந்தாலும் வெளியேற முடியாது. திருப்பிக் கேட்டால் பெயின்ட் அடிக்க ஒரு மாத வாடகை, வேறு ஆள் வரட்டும் என்று இன்னும் இரண்டு மாதம் என இழுத்தடிப்பார்கள். தரகருக்குக் கொடுத்த ஒரு மாத வாடகை போனது போனதுதான். அதனால் ஒப்பந்தத்தை எழுத்தில் போட்டு, வாடகை அதிகாரியிடம் பதிவு செய்துகொள்ளுங்கள். முடிந்தால் முதல் ஆண்டு வீட்டை ஒத்திக்கு எடுக்காதீர்கள். ஒரு மழைக்காலமும் ஒரு கோடையும் அந்த ஏரியாவில் வாடகைக்கு இருந்து பார்க்காமல் அங்கே சொந்த வீடு வாங்கவே வாங்காதீர்கள்.

இத்தனையையும் ஒரு குடும்பம் தானே அலைந்து கண்டுபிடிக்க வேண்டியிருப்பது நியாயமா? தகவல் யாரிடமும் இல்லை என்றால் சரி என்று விடலாம். மாநகராட்சியிடம் இருக்கிறது. அக்டோபர் பிறந்ததும் எந்தத் தெருமுனையில் நீர் இறைக்கும் மோட்டாரைக் கொண்டுவந்து நிறுத்த வேண்டும், எந்தச் சுரங்கப்பாதையை மூட வேண்டும், எந்தப் பகுதிக்குப் படகு அனுப்ப வேண்டும் என்று வார்டு பொறியாளருக்கு அத்துப்படி. எந்தத் தெருவில் குழாய் இருக்கிறது, எங்கே லாரிதான் போகிறது என்ற கணக்கு குடிநீர் வாரியத்திடம் இருக்கிறது. இந்த விவரம் அதிகாரியின் மேசையில் இருந்து என்ன பயன்? வாடகைக்கு வீடு தேடுகிறவர் ஊர்ப் பெயரையும் தெருப் பெயரையும் தட்டினால் 2015, 2021, 2023 ஆகிய ஆண்டுகளில் அங்கே எத்தனை அடி தண்ணீர் நின்றது, எத்தனை நாள் நின்றது, குடிநீர் எத்தனை நாளுக்கு ஒருமுறை வருகிறது என்பது தமிழில் தெரிய வேண்டும்.

இதை வெளியிட்டால் நிலத்தின் விலை விழுந்துவிடும் என்று எதிர்ப்புக் கிளம்பும். விழட்டும். தெரியாமல் வாங்கியவரின் தலையில் நஷ்டத்தைக் கட்டிக் காப்பாற்றும் விலை நேர்மையான விலை ஆகாது. தவிர, எந்தத் தெருவில் தண்ணீர் நிற்கிறது என்பது ஊருக்கே தெரிந்தால் அங்கே வடிகால் போடாமல் ஆண்டுக்காண்டு தள்ளிப்போடுவது கவுன்சிலருக்கும் சட்டமன்ற உறுப்பினருக்கும் எளிதாக இருக்காது. 2008-இல் ஒப்புதல் பெற்ற சென்னைப் பெருநகரின் இரண்டாம் முழுமைத் திட்டம் 2026 வரைக்கும் போடப்பட்டது. மூன்றாவது திட்டத்துக்கான வேலை நடந்துவருகிறது. தெருவாரியான வெள்ளப் பதிவேட்டை அந்தத் திட்டத்தின் பகுதியாகவே வெளியிட வேண்டும். வாடகை ஒப்பந்தத்தைப் பதிவு செய்யும் படிவத்தில், இந்த வீட்டுக்குள் இதற்கு முன் வெள்ளம் வந்திருக்கிறதா என்ற கேள்விக்கு வீட்டுக்காரர் பதில் எழுதிக் கையெழுத்திட வேண்டும். பொய் சொல்லியிருந்தால் அட்வான்ஸ் முழுவதையும் உடனே திருப்பித் தர வேண்டும் என்று சட்டம் சொல்ல வேண்டும். சாதி, மதம் பார்த்து வீடு மறுப்பதைக் குற்றமாக்கும் பிரிவையும் அதே சட்டத்தில் சேர்க்க வேண்டும். இதற்கெல்லாம் பெரிய நிதி ஒதுக்கீடு எதுவும் தேவையில்லை. அரசாணையும் சட்டத் திருத்தமும் போதும்.

அது வரும்வரை, ஏற்கெனவே இங்கே குடியிருக்கும் நமக்கு ஒரு பொறுப்பு இருக்கிறது. உங்கள் தெருவில் யாராவது ‘டு-லெட்’ பலகையைப் பார்த்துக்கொண்டு நின்றால், இங்கே மழைக்கு எப்படி இருக்கும் என்று உங்களைக் கேட்டால், வீட்டுக்காரர் என்ன நினைப்பாரோ என்று பார்க்காமல் எது வரை தண்ணீர் வந்தது என்பதை உள்ளபடியே சொல்லுங்கள்.